சிவகாசியில் தெளிவான வானம்

ஜூலை 22

இந்த டைரியில் இன்று திங்கள் என்று அச்சாகியிருக்கிறது. இன்று செவ்வாய். வருடம் முழுக்க இப்படி ஒரு நாள் பிந்திதான் இருக்கும். பிரஸ்ஸில் பிழையைக் கண்டுபிடிப்பதற்குள் கட்டுக் கட்டாகத் தைத்து முடித்துவிட்டார்கள். அம்மா பைண்டிங்கில் வேலை செய்வதால் ஒன்று எடுத்து வந்தாள். எனக்கு இது போதும்.

நாளை ராஜபாளையத்துக்குப் போகிறேன், பெரியப்பா வீட்டுக்கு. பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சுபி அக்காவுக்கு ஆவணியில் நிச்சயம். அடுப்படிக்கு ஆள் இல்லை. பெரியப்பா அம்மாவுக்குப் போன் செய்து, "துர்காவ அனுப்பிவிடு செண்பகம். நடந்தது நடந்துபோச்சு. பழச மனசுல வெச்சுக்க வேண்டாம்" என்றாராம்.

பழசை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதவர் யார், அவரா நாங்களா என்று அம்மா கேட்கவில்லை. அவளுக்குக் கேட்க வராது. எனக்கும் வராது. அப்பா இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

போகிறேன் என்று நானே சொன்னேன். அம்மா ஆச்சரியமாகப் பார்த்தாள். முட்டிக்காகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல.

ஜூலை 23

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் சாரல். இறங்குவதற்குள் துப்பட்டா நனைந்துவிட்டது. சிவகாசியில் ஏறும்போது வெயில் சுட்டது. ஒரு பஸ் தூரத்தில் இப்படி வேறு வானம்.

பெரியம்மா கட்டிலில் இருந்தபடியே, "வந்துட்டியா? கை கால் கழுவிட்டு அடுப்படிக்குப் போ, உலை கொதிக்குது" என்றாள். சுபி அக்கா ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "ஏ புள்ள, என்னடி இப்படி இளைச்சுட்ட?" நான் மரம் மாதிரி நின்றேன்.

வாசலில் போர்டு அப்படியே இருக்கிறது. வ. சண்முகையா, பத்திர எழுத்தர்.

சாயங்காலம் சாமி அறையில் விளக்கு ஏற்றச் சொன்னார்கள். சூடத் தட்டைத் தேடினேன், காணோம். பெரியப்பாவுக்குச் சூடப் புகை ஆகவில்லையாம், இருமல் வருகிறதாம். கொஞ்ச காலமாக நெய்விளக்கு மட்டும்தானாம். போன வருடம் ஆகியிருந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 24

அது நடந்த ஹாலைத்தான் இன்று துடைத்தேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் ஐப்பசியில் சுபி அக்காவுக்குக் கோவில்பட்டியில் மாப்பிள்ளை முடிவாகி, தாம்பூலம் மாற்றியாயிற்று. அவர்களுக்கு மெஷின் சாமான் கடை இருக்கிறது. கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் யாராவது எழுதினால் அவர்களுக்கு மெயில் போகும். ஒரு நாள் இப்படி ஒன்று வந்தது:

"அன்புடையீர், தாங்கள் தாம்பூலம் மாற்றியிருக்கும் மேற்படி வீட்டுப் பெண்ணுக்குச் சிறு வயது முதல் வலிப்பு உண்டு. மேற்படி விஷயத்தை மறைக்கிறார்கள். விசாரித்து முடிவு செய்யவும். இப்படிக்கு, நலம் விரும்பி."

எனக்கு அது மனப்பாடம். அத்தனை முறை என் முகத்துக்கு முன்னால் வாசித்தார்கள். எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் அடியில் அதுவாகவே ஒரு வரி விழுந்திருந்தது. அனுப்பியவர் ஊர்: சிவகாசி.

கோவில்பட்டிக்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள். சிவகாசியில் இந்த வீட்டுக்கு எங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் நான் ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப். ஸ்கூலில் இருக்கிறதே என்றார்கள். பொறாமை என்றார்கள். அப்பன் இல்லாத பிள்ளை, அடுத்தவள் நல்லா இருப்பது பொறுக்கவில்லை என்றார்கள்.

சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டி, இந்த ஹாலில் வெற்றிலைமேல் சூடம் வைத்துக் கொளுத்தி, "நான் எழுதலன்னு சொல்லி அடிச்சு அணை" என்றார் பெரியப்பா. எனக்கு நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே வராது. அன்று முப்பது பேர். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கையும் எழவில்லை. சூடம் எரிந்துகொண்டே இருந்தது, எரிந்து முடிந்தது.

"சூடம் எரிஞ்சு முடிஞ்சது. யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் பெரியப்பா. "இவ தட்டிப் படிச்சது போதும். ஸ்கூல நிறுத்து."

நிறுத்தினார்கள். நாங்கள் இருக்கிற வீடு அவர் பெயரில் இருக்கிறது.

யார் எழுதியது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அவர்கள் கையில் சூடம் வைப்பேன். நான் வந்தது அதற்குத்தான்.

ஜூலை 29

அவியல், ரசம், அப்பளம். பெரியம்மாவுக்கு உப்பில்லாமல் தனியாக.

பெரியப்பா சாப்பிடும்போதும் ஆபீஸில் இருக்கிற மாதிரிதான் பேசுவார். "மேற்படி அவியல் இன்னும் ரெண்டு கரண்டி வைம்மா" என்றார். சுபி அக்கா சிரித்தாள். "அப்பாவுக்குக் கிரையப் பத்திரமும் ஒண்ணுதான், கீரைக் கூட்டும் ஒண்ணுதான்." பெரியம்மா உள்ளேயிருந்து, "நாளது தேதியில அந்த ரசத்தையும் இங்க அனுப்புங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். இந்த வீட்டில் சிரிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 1

துணி காயவில்லை.

ஆகஸ்ட் 3

மதியம் மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடித் துணியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தேன். ஹாலில் புது டிவி. யாரும் பார்க்காவிட்டால் அதுவாக மலை, கடல் என்று படம் காட்டும். ஓரத்தில் மணி, வெயில் எவ்வளவு, எந்த ஊர் என்று வரும். இத்தனை நாள் பார்த்திருக்கிறேன், வாசித்ததில்லை. இன்று வாசித்தேன்.

சிவகாசி. 35 டிகிரி. தெளிவான வானம்.

வெளியே வாசல் சாய்ப்பு ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு நினைப்பில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் போய் வாசித்தேன். அதேதான். சுபி அக்கா லேப்டாப்பில் கொலுசு பார்த்துக்கொண்டிருந்தாள். "இது வேற, எப்பப் பாரு டெலிவரி சிவகாசிக்கான்னு கேக்குது" என்று முணுமுணுத்துவிட்டு ஊரை மாற்றினாள். அவள் போனில் ராஜபாளையம் என்று சரியாக இருந்தது. டிவியிலும் லேப்டாப்பிலும்தான் சிவகாசி.

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பெரியம்மா, "என்னடி பித்துப் பிடிச்ச மாதிரி நிக்க?" என்று கத்தினாள்.

ஆகஸ்ட் 4

நெட் அறுந்துவிட்டதென்று கேபிள்காரர் வந்தார். மாடியில் வேறு யாரும் இல்லை. டீ கொடுக்கிற சாக்கில் கேட்டேன். கேட்பதற்குள் டீ ஆறிவிட்டது.

"டிவில ஏன் சிவகாசின்னு வருது அண்ணே?"

"எங்க மெயின் ஆபீஸ் அங்கதானம்மா இருக்கு. லைன் எல்லாம் அந்த ஊர்க் கணக்குலதான் ஓடும். போன்னா அதுவா இடத்தக் கண்டுபிடிச்சுக்கும். மத்ததுல எங்க லைன் வீடு எல்லாத்துக்கும் சிவகாசின்னுதான் காட்டும். ஏன், அதனால என்ன கெட்டுப்போச்சு?"

எனக்குப் படிப்பு கெட்டுப்போச்சு என்று சொல்லவில்லை. "போன வருசமும் இதே லைன்தானா?" என்றேன்.

"மூணு வருசமா இதேதான்."

கீழேயிருந்து பெரியப்பா, "கேபிள்காரன்கிட்ட என்ன பேச்சு? வேலையப் பாரு" என்றார். அவர் இதுவரை என்னை அதட்டியதே இல்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

ஆகஸ்ட் 5

ஆக, அந்த மெயில் சிவகாசியிலிருந்து போகவில்லை. இந்த ஊரில் அந்த லைன் வைத்திருக்கிற வீடுகள் நிறைய இருக்கலாம். ஆனால் தாம்பூலம் மாற்றியதும் தெரியும், கோவில்பட்டிக் கடைக்கு இணையத்தில் பக்கம் இருப்பதும் தெரியும் என்கிற வீடு இது ஒன்றுதான்.

இந்த வீட்டில் மூன்று பேர். பெரியம்மாவுக்குப் போனில் பச்சையை அமுக்கிப் பேசத்தான் தெரியும். பெரியப்பாவா சொந்த மகளுக்கு வலிப்பு என்று எழுதுவார்? அவர்தானே ஊரைக் கூட்டி விசாரித்தவர்.

மீதி ஒருத்தி. ஜெர்மனியில் வேலை பார்க்கிற இந்த மாப்பிள்ளை பேச்சு வந்ததிலிருந்து பறந்துகொண்டிருக்கிறாள். இன்று தோழியிடம் போனில், "கோவில்பட்டி போனதே நல்லதாப் போச்சுடி, அந்த ஆளு போட்டோவுலயே முறைச்சான்" என்று சிரித்தாள். நான் பக்கத்து அறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கட்டிப்பிடித்து, இளைச்சுட்டியேடி என்று கேட்டவள்.

ஆகஸ்ட் 6

அவளுக்கு மட்டும் இரண்டாவது டிகாக்ஷன்.

ஆகஸ்ட் 12

இந்த வாரம் செய்தவை: அவள் குளிக்கப் போகும்போது மோட்டாரை நிறுத்தினேன். உள்பாவாடை நாடாவை உள்ளே இழுத்துவிட்டேன். ஊக்கு டப்பாவை அரிசித் தூக்கில் போட்டேன். நிச்சயத்துக்குத் தைத்து வந்த ரவிக்கையில், கை தூக்கினால் விடுகிற இடத்தில், தையலைப் பிரித்துவிட்டேன். ஸ்கூல் நின்றபின் அம்மாவோடு பைண்டிங்கில் கற்ற கை. பிரித்தது தெரியாது.

இதெல்லாம் ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும். பசிக்குப் பொரி தின்கிற மாதிரி.

நாடாவைக் கோத்துக்கொண்டே அவள், "துர்கா, நீ மட்டும் வரலன்னா இந்த வீட்டுல எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்டி" என்றாள். பேச்சுக்கு ஆள் இல்லையாம். நான் பேசுவதே இல்லை. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

பெரியப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்தார். பால்கோவா வாங்கி வந்து பெரியம்மாவிடம் கொடுக்காமல் அடுப்படிக்கே வந்து என்னிடம் கொடுத்தார். "உனக்குத்தாம்மா. சின்னதுல உனக்குப் பிடிக்குமே."

கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிச்சயம் நல்லபடியா முடியட்டும். உன்ன மறுபடி ஸ்கூல்ல சேத்துவிடுறேன். நீ நல்லாப் படிக்கிற பிள்ள."

நிறுத்தியவரே சேர்க்கிறாராம். எனக்குப் படிப்பெல்லாம் வேண்டாம், ஆசையும் இல்லை என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

பால்கோவாவை அம்மாவுக்கு வைத்திருக்கிறேன். பாவம் பெரியப்பா, மகள் செய்த வேலை தெரியாமல் இருக்கிறார்.

ஆகஸ்ட் 22

டிவியால் சண்டை. மாப்பிள்ளை ஜெர்மனியிலிருந்து வர முடியாதாம். வீடியோவில் வந்து டிவியில் தெரிவாராம். சுபி அக்காவின் ஏற்பாடு. பெரியப்பா திடீரென்று, "டிவி ஹால்ல வேண்டாம். கழட்டி உள்ள வைங்க, கண்ணு படும்" என்றார்.

"டிவிக்கு யாருப்பா கண்ணு வைப்பா? மாப்பிள்ளைய எதுல பாக்குறது, உங்க கண்ணாடியிலயா?"

"போன்ல பாத்துக்கலாம்."

"அவங்க வீட்டுல பதினஞ்சு பேரு வர்றாங்க. ஒரு போனச் சுத்தி நின்னு எட்டிப் பாக்கவா?"

பெரியம்மா மகள் பக்கம். டிவி ஹாலிலேயே இருக்கும்.

ஆக, பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேபிள்காரரிடம் கேட்டதைக் கேட்டிருக்கிறார், யோசித்திருக்கிறார், மகளைக் காப்பாற்றப் பார்க்கிறார். பால்கோவா அதற்குத்தான். இனி அவரைப் பாவம் என்று எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 28

நாளை நிச்சயம். முறுக்கு சுட்டேன், வாசலில் பந்தல் போட்டாயிற்று. அம்மா காலையில் வருகிறாள். அன்றைக்குப் பிறகு முதல் முறையாக இந்த வாசல் ஏறப் போகிறாள்.

கடைக்கு வெற்றிலை வாங்கப் போனபோது சூடம் ஒரு பாக்கெட் வாங்கினேன். டிவி ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கிக்கொண்டு கேட்டால் டிவி வாயைத் திறந்து பதில் சொல்லும். எனக்குப் பேச வராது. அதற்கு வரும்.

ஆகஸ்ட் 29

இன்று எழுத முடியாது. மகிழ்ச்சியில்தான்.

ஆகஸ்ட் 30

எழுதுகிறேன்.

சாயங்காலம் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாய்மாமன், இன்னும் ஆட்கள். நம் பக்கம் போன வருடம் வந்த அதே சொந்தக்காரர்கள். அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றாள். அதைத் தாண்டி வரவில்லை. மழை கொட்டியது, பந்தல் ஒழுகியது.

மாப்பிள்ளை டிவியில் வந்தார், எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், அப்படியே நின்றுவிட்டார். கூப்பிய கையோடு உறைந்துபோன மாதிரி. பிறகு காணாமல் போனார். மழைக்கு நெட் போய் வந்தது. சுபி அக்கா, "துர்கா, ரிமோட்ட நீ வெச்சிரு, நான் அவருக்குப் போன் பண்ணிட்டு வர்றேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொத்தானை அமுக்கினேன்.

"இங்க வானிலை என்ன?"

"மன்னிக்கவும், எனக்குக் கேட்கவில்லை" என்றது டிவி.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்திருந்தாள், அன்றைக்கு நின்ற மாதிரியே. மறுபடி அமுக்கினேன். கத்திவிட்டேன் போல.

"இங்க வானிலை என்ன!"

"சிவகாசியில் இப்போது முப்பத்து மூன்று டிகிரி" என்றது டிவி. "தெளிவான வானம். இன்று மழைக்கு வாய்ப்பில்லை."

பந்தலிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வாசலில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். "எலே, இது எந்த ஊருன்னே தெரியாம உக்காந்திருக்கு பாரு!"

அப்போது போனோடு வந்த சுபி அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். "அது எப்பவும் அப்படித்தான் மாமா. எங்க வீட்டு நெட்டுல எதத் தொறந்தாலும் சிவகாசின்னுதான் காட்டும்."

மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. பெரியம்மா முட்டியிலிருந்து கையை எடுத்தாள். "என்னடி சொன்ன?" என்றாள் மகளிடம். "எப்பவுமா?"

சுபி அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை நாள் அதற்குத்தானே காத்திருந்தேன். ஆனால் அந்த முகம் நான் நினைத்த மாதிரி மாறவில்லை. பயப்படவில்லை. வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள்.

நான் வெற்றிலைமேல் சூடத்தை வைத்துப் பற்றவைத்தேன். ஏற்கெனவே தட்டு தயாராக இருந்தது. அவள்முன் நீட்டினேன். பேச வேண்டியிருக்கவில்லை.

"நான் எழுதலடி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அடித்து அணைத்துவிட்டாள். வேகத்தில் ரவிக்கை கக்கத்தில் விட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. உள்ளங்கை கறுத்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, "என்ன இது, நல்ல நாளும் அதுவுமா?" என்று எழுந்தார். பெரியப்பாவும் எழுந்தார். இரண்டு கையையும் கூப்பி, "நீங்க உக்காருங்க சம்பந்தி. மேற்படி விஷயத்த நாங்க அப்புறம் பேசிக்கிறோம்" என்றார்.

மேற்படி விஷயம்.

முப்பது பேர் முன்னால் என் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையை வாசித்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அவியலோடு தினமும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு சூடம் எடுத்து வைத்தேன். பற்றவைத்தேன். தட்டை அவரிடம் கொண்டுபோனேன்.

"என்ன துர்கா" என்றார். "எனக்குப் புகை ஆகாதும்மா."

பெரியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், ஆபரேஷன் செய்த காலில். "அடிச்சு அணைங்க" என்றாள். "நீங்க இல்லன்னா அணைங்க."

அவர் கையைத் தூக்கினார். அப்படியே வைத்திருந்தார். எனக்கு அந்தக் கையைத் தெரியும், அது எப்படி இருக்கும் என்று தெரியும். சூடம் எரிந்தது. வெற்றிலை கருகியது. டிவியில் மாப்பிள்ளை திரும்ப வந்து, "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்றார்.

அணைந்தது.

"சூடம் எரிஞ்சு முடிஞ்சது பெரியப்பா" என்றேன். என் குரல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஏன் எழுதினார் என்று பெரியம்மாதான் அங்கேயே வைத்துப் பிடுங்கினாள். தாம்பூலம் மாற்றிய பத்தாம் நாள் ஜெர்மனி ஜாதகம் வந்ததாம். கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது? அவர்களாகவே வேண்டாம் என்று சொல்லும்படி செய்துவிட்டார். மெயிலில் ஊர் விழும் என்று அவருக்குத் தெரியாது. சிவகாசி என்று விழுந்ததும், கடவுளே காட்டிய வழி என்று நினைத்தாராம். பொறாமையில் யாரோ எழுதியது என்று நிரூபித்தால்தானே அடுத்த மாப்பிள்ளை வருவார். அதற்கு நான்.

மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலம் மாற்றாமல் போய்விட்டார்கள். "பொண்ணுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்தத் தாய்மாமன் வாசலில் நின்று கேட்டார். இப்போது சிரிக்கவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை.

ஆகஸ்ட் 31

பெரியப்பா அடுப்படிக்கு வந்தார். அம்மா இருந்தாள், அவளிடம்தான் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"செண்பகம், ஒரே ஒரு போன். மாப்பிள்ளையோட அப்பாவுக்கு. நான்தான் எழுதினேன்னு துர்கா ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். நேத்து நடந்தத நான் பேசிச் சமாளிச்சுக்குவேன். ஏற்கெனவே பேரு போன பிள்ளதான, புதுசா என்ன போயிரப் போகுது? காலேஜ் வரைக்கும் நான் படிக்க வைக்கிறேன். சுபி வாழ்க்கைய நெனச்சுப் பாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் தலையாட்டிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் புட்டுக்குழலைக் கழுவிக் கவிழ்த்தாள். "அவகிட்ட கேளுங்க அத்தான். அவளுக்கு இப்பப் பேச வருது" என்றாள்.

நான் சொன்னேன். "அக்காவுக்கு வலிப்பு இல்லன்னு காட்ட நான் பொய் சொல்ல வேண்டாம் பெரியப்பா. நீங்க நிசத்தச் சொன்னா போதும். எழுதிக் கொடுங்க. பத்திரத்துல. கோவில்பட்டிக்கு ஒண்ணு, இவங்களுக்கு ஒண்ணு, எங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஒண்ணு."

"பத்திரத்துலயா? இந்த ஊருல நான் எப்படிம்மா தொழில் பண்றது?"

"அது எனக்குத் தெரியாது."

இதைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது. இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

செப்டம்பர் 1

கிளம்பினோம். பெரியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சுபி அக்கா பஸ் ஸ்டாண்ட் வரை வந்தாள். கண் வீங்கியிருந்தது. பஸ் ஏறும்போது கேட்டாள்.

"ரவிக்கை தையல் நீதான பிரிச்ச?"

"ஆமா."

"ஊக்கு டப்பா?"

"அரிசித் தூக்குல இருக்கு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு ஹால்ல நான் உனக்காக ஒரு வார்த்த சொல்லல துர்கா. நீயா இருக்காதுன்னு தோணுச்சு. இருந்தும் சொல்லல. இன்னும் ரெண்டு தையல் பிரிச்சிருக்கலாம் நீ."

பிறகு, "அந்தாளு எழுதித்தான் ஆகணும். எழுத வைக்கிறது என் பொறுப்பு" என்றாள். அப்பாவை அந்தாளு என்றாள்.

பஸ் நகர்ந்ததும் கை காட்டினாள். உள்ளங்கையில் சூடுபட்ட இடத்தில் மஞ்சள் பூசியிருந்தது. நானும் கை காட்டினேனா என்று ஞாபகம் இல்லை. எனக்கு வருத்தம் இல்லை. இதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 7

டைரியில் சனி. நிஜத்தில் ஞாயிறு. சிவகாசியில் தெளிவான வானம்.

பெரியப்பா வந்தார், ஒரு மஞ்சள் பையோடு. சுபி அக்கா கூடவே வந்திருந்தாள், தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி. அம்மா தண்ணீர் கொடுத்தாள். நாற்காலியை உள்ளே போடப் போனவளை, வாசலில் போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். போன வருடம் என் ஸ்கூல் நின்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்ன தெரு.

"வாசிங்க பெரியப்பா" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "ராஜபாளையத்தில் வசிக்கும் வன்னியப்பன் குமாரர் சண்முகையாவாகிய நான், நாளது தேதியில், என் சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும்…" அங்கே சுபி அக்கா இருமினாள். அவர் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். மகளுக்கு எந்த நோயும் இல்லை என்று எழுதியிருந்தார். தன் வீட்டு லேப்டாப்பில் தன் கையால் தட்டி அனுப்பியது என்று எழுதியிருந்தார். என் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு சேர்த்து எழுதியிருந்தார். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று இருந்தது. எதிர்வீட்டு ஆச்சி பாத்திரம் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். இருபத்தைந்து வருடத் தொழில் ஆயிற்றே. வாங்கி நானும் ஒரு முறை வாசித்தேன். ஓர் இடத்தில், 'அந்த மின்னஞ்சலை அனுப்பியது நானே' என்று இருந்தது.

'அந்த' என்பதை அடித்துவிட்டு 'மேற்படி' என்று போடச் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒன்றரை மாதத்தில் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

பேனாவை எடுத்து, அடித்து, எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். மூன்று நகலிலும்.